தாராளக் கல்வி: யாருக்குத் தாராளம்?
தனியார் லிபரல் ஆர்ட்ஸ் பல்கலைக்கழகங்களும் நிறைவேறாத பிரிவு 15(5)உம்

1916ஆம் ஆண்டு மே 9 அன்று, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், மானுடவியல் பேராசிரியர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில் இருபத்தைந்து வயது மாணவர் ஒருவர் இந்தியச் சாதிகளின் தோற்றம் குறித்து ஓர் ஆய்வுரையை வாசித்தார். அவருடைய முதன்மைத் துறை மானுடவியல் அன்று, பொருளாதாரம். எனினும் அவர் சமூகவியல், வரலாறு, மெய்யியல், அரசியல் என்று பல வகுப்புகளிலும் அமர்ந்து பயின்றார். ஒரு துறையின் கருவியை எடுத்து இன்னொரு துறையின் பூட்டைத் திறக்கும் அந்தப் பயிற்சிதான், சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமன்று என்று பின்னாளில் நிறுவுவதற்கான அறிவுத்தளத்தை அண்ணல் அம்பேத்கருக்கு அளித்தது. பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் வழங்கிய உதவித்தொகை இல்லாமல் அவர் அங்குச் சென்றிருக்க இயலாது என்பதையும் நாம் மறப்பதற்கில்லை.

இன்று இந்தியாவின் தனியார் லிபரல் ஆர்ட்ஸ் பல்கலைக்கழகங்கள் தம் கையேடுகளில் விளம்பரப்படுத்துவது ஏறத்தாழ இதே கல்வியைத்தான். துறைச் சுவர்களைக் கடந்த படிப்பு, சிறிய வகுப்பறை, கேள்வி கேட்கும் பழக்கம், எழுத்துப் பயிற்சி, வளாகத்திலேயே தங்கி வாழும் கூட்டு வாழ்க்கை. அம்பேத்கரின் கட்டுரைகள் அங்குப் பாடமாகவும் வைக்கப்படுகின்றன. ஆனால் அம்பேத்கரின் மக்கள் அந்த வகுப்பறையில் எத்தனை பேர் அமர்ந்திருக்கிறார்கள்? இந்தக் கேள்வியைச் சட்டத்தின் வழியாகவும் கணக்கின் வழியாகவும் எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கேள்வி எங்களிடம் ஏட்டு வழியாக வந்து சேரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி தம் தந்தையுடன் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அரசுப் பள்ளியில் படித்தவர். அவர் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் ஆள். வெளிமாநிலத்தில் உள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம் அவர் கையில் இருந்தது. கல்விக் கட்டணத்தின் பெரும்பகுதி தள்ளுபடி செய்யப்பட்டிருந்தது. விடுதி, உணவு, வைப்புத்தொகை, மடிக்கணினி, பயணம் ஆகியவை எஞ்சியிருந்தன. முதல் ஆண்டுக்கு மட்டும் இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல். தந்தை கட்டட வேலைக்குச் செல்பவர். பத்து நாட்களுக்குள் முன்பணம் கட்ட வேண்டும். “தோழர், இவ்வளவு தூரம் கதவைத் திறந்துட்டு, கடைசிப் படியில ஏன் நிறுத்துறாங்க? கேக்கச் சட்டம் இருக்கா?” என்று அந்த மாணவி கேட்டார். சட்டம் இருக்கிறது என்றும் சொல்ல முடியவில்லை; இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அரசமைப்புச் சட்டத்தில் வழி இருக்கிறது, அந்த வழியில் நடக்க ஒரு சட்டம் இன்னும் இயற்றப்படவில்லை என்பதுதான் எங்களால் தர முடிந்த விடை. பத்தாம் நாள் கடந்துபோனது.

அங்கே என்ன கற்பிக்கப்படுகிறது?

எதிர்ப்பதற்கு முன் எதை எதிர்க்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். இந்தப் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டம் நம் எதிரி அன்று.

2014இல் ஹரியானா மாநிலம் சோனிபத்தில் தொடங்கப்பட்ட அசோகா பல்கலைக்கழகம் இவ்வகையில் பலரும் அறிந்தது. அதற்கு முன்னரே, 2011இல், பட்டம் பெற்றவர்களுக்கான ஓராண்டு ‘யங் இந்தியா ஃபெலோஷிப்’ தொடங்கிவிட்டது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டியில் கிரியா பல்கலைக்கழகம் இயங்குகிறது. புனேயில் ஃபிளேம், பெங்களூரில் அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் என்று இவ்வரிசை நீள்கிறது. இவற்றின் இளநிலைப் படிப்புகளில் பொதுவான சில கூறுகள் உண்டு. சேர்ந்தவுடன் ஒரே துறைக்குள் மாணவரை அடைத்துவிடுவதில்லை. தொடக்கத்தில் எல்லாருக்கும் பொதுவான அடித்தளப் பாடங்கள்: இலக்கியம், வரலாறு, கணிதச் சிந்தனை, அறிவியல் முறை, சமூகக் கோட்பாடு. பிறகுதான் முதன்மைத் துறையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கணினி அறிவியலோடு மெய்யியலையும், பொருளாதாரத்தோடு வரலாற்றையும் சேர்த்துப் படிக்கலாம். தேர்வு மதிப்பெண்ணைக் காட்டிலும் கட்டுரைக்கும் விவாதத்துக்கும் ஆய்வுத் திட்டத்துக்கும் கூடுதல் இடமுண்டு. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை இந்த மாதிரியையே நாடெங்கும் பரப்ப விரும்புகிறது. நான்காண்டு இளநிலைப் படிப்பு அதன் நேரடி விளைவு.

பாடத்தைவிடப் பெரியது வாய்ப்பு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஒரு பருவம் படிப்பது, கோடைக்கால ஆய்வுப் பணி, கொள்கை ஆய்வு நிறுவனங்களிலும் ஊடகங்களிலும் உள்ளகப் பயிற்சி, பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம், முன்னாள் மாணவர் வலைப்பின்னல். நாளைய பத்திரிகை ஆசிரியரும், கொள்கை ஆலோசகரும், அயல்நாட்டு முனைவர் பட்ட மாணவரும், பெருநிறுவன அறக்கட்டளை மேலாளரும் ஒரே உணவுக்கூடத்தில் ஒன்றாகச் சாப்பிட்டு நண்பர்களாகிறார்கள். நாட்டைப் பற்றிப் பேசும், எழுதும், முடிவெடுக்கும் அடுத்த தலைமுறை இங்கே உருவாக்கப்படுகிறது. ஆகவேதான் இங்கே யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பது சில ஆயிரம் இடங்களைப் பற்றிய சிறு கேள்வியாக முடிந்துவிடுவதில்லை.

இரண்டு ‘கலை’கள்

தமிழில் ‘ஆர்ட்ஸ் காலேஜ்’ என்ற சொல்லுக்கு ஒரு வாழ்வு உண்டு. மருத்துவம், பொறியியல் கிடைக்காதவர்கள் சேரும் இடம் என்று மேல்தட்டு அதை ஏளனமாகப் பார்த்தது. ஆனால் நம் மக்களுக்கு அரசு கலை அறிவியல் கல்லூரிதான் உயர்கல்வியின் முதல் வாசல். 69 விழுக்காடு இடஒதுக்கீட்டில், பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு. அதனுள் 2009 முதல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு. பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. சில ஆயிரம் ரூபாய்க்குள் ஓர் ஆண்டுப் படிப்பு. வரலாறு, பொருளாதாரம், தமிழ், ஆங்கில இலக்கியம் படித்து அங்கிருந்து வெளிவந்தவர்களே இன்று நம் ஊர்களின் ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், இயக்கத் தோழர்கள்.

அதே வரலாறும் அதே பொருளாதாரமும் ‘லிபரல் ஆர்ட்ஸ்’ என்ற பெயரில் வரும்போது, விடுதியும் உணவும் சேர்த்துப் பல வளாகங்களில் ஆண்டுக்குப் பத்து லட்சம் ரூபாயைத் தாண்டுகின்றன. ஒரே பாடம், ஒரு வாசலில் கடைசிப் புகலிடம், மறு வாசலில் மேட்டுக்குடி அடையாளம். அரசுக் கல்லூரிகள் நிரந்தரப் பணியிடங்கள் நிரப்பப்படாமல் கௌரவ விரிவுரையாளர்களின் உழைப்பில் ஓடுகின்றன. தனியார் வளாகத்தில் உலகப் பல்கலைக்கழகங்களில் பயின்ற பேராசிரியர்கள் சிறு குழுக்களுக்குப் பாடம் நடத்துகிறார்கள். அறிவைப் பரவலாக்குவதாகச் சொல்லும் ஒரு கல்வி முறை, அறிவுக்குள்ளேயே இரண்டு தெருக்களை உண்டாக்கிவிட்டது. ஊரும் சேரியும் என்ற பழைய வரைபடம் நமக்குப் புதிதன்று.

ஆகவே நம் கோரிக்கைக்கு இரண்டு முனைகள் உண்டு. தனியார் வளாகத்தின் கதவு திறக்கப்பட வேண்டும். அதோடு அரசுக் கலைக் கல்லூரியின் தரமும் பணியிடங்களும் உயர்த்தப்பட வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தட்டிக்கழிக்க எந்த அரசையும் அனுமதிக்க இயலாது.

கணக்கு சொல்வது என்ன?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்களில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு, பழங்குடியினர் 8.6 விழுக்காடு. 2025 ஆகஸ்டில் கல்விக்கான நாடாளுமன்ற நிலைக்குழு தன் அறிக்கையில் முன்னணித் தனியார் உயர்கல்வி நிறுவனங்களின் நிலையைச் சுட்டிக்காட்டியது. அவற்றில் பட்டியல் சாதி மாணவர் ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. பழங்குடி மாணவர் ஏறத்தாழ அரை விழுக்காடு. பதினாறு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒருவர் என்றால், அதைத் தற்செயல் என்று எந்த நீதிமன்றமும் எளிதில் ஏற்காது. இந்நிலையை மாற்ற, பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு இடஒதுக்கீட்டைத் தனியார் நிறுவனங்களிலும் சட்டமாக்க வேண்டும் என்றும், அதற்கான நிதிப் பொறுப்பை அரசு ஏற்க வேண்டும் என்றும் குழு பரிந்துரைத்தது.

மாநிலச் சட்டங்களில் ஏதோ ஒதுக்கீடு இருக்கிறதே என்று சிலர் கூறலாம். ஹரியானாவின் தனியார் பல்கலைக்கழகங்கள் சட்டம், 2006ஐ எடுத்துக்கொள்வோம். அதன்படி மொத்த இடங்களில் 25 விழுக்காடு ஹரியானாவைச் சேர்ந்தவர்களுக்கு. அந்த 25இல் 10 விழுக்காடு ஹரியானாவின் பட்டியல் சாதியினருக்கு. இதை எண்ணாக மாற்றினால் உண்மை புலப்படும். ஆயிரம் இடங்கள் உள்ள பல்கலைக்கழகத்தில் 250 இடங்கள் ஹரியானாவுக்கு. அதில் பத்தில் ஒரு பங்கு 25. ஆயிரத்துக்கு இருபத்தைந்து, அதாவது இரண்டரை விழுக்காடு. அம்மாநில மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் ஐந்தில் ஒருவர். மீதமுள்ள 750 இடங்களில், தமிழ்நாட்டிலிருந்தோ பீகாரிலிருந்தோ மகாராட்டிரத்திலிருந்தோ வரும் தலித் மாணவருக்கு இச்சட்டம் ஓர் இடத்தைக்கூட உறுதி செய்யவில்லை. ‘பத்து விழுக்காடு’ என்ற சொல் காதில் விழும்போது பெரிதாகத் தோன்றுகிறது. வகுப்பறையை அடையும்போது அது கால் பங்காகச் சுருங்கிவிடுகிறது.

அடுத்தது உதவித்தொகை. ஒன்றிய அரசின் பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். இந்த வரம்புக்குள் வரும் குடும்பத்தின் மொத்த ஆண்டு வருமானம், மேலே சொன்ன பல்கலைக்கழகங்கள் பலவற்றின் ஓராண்டுச் செலவில் கால் பங்குக்கும் குறைவு. வரம்பைச் சற்றே தாண்டிய குடும்பத்தின் நிலையோ இன்னும் மோசம்: அரசு உதவியும் கிடையாது, சொந்தப் பணமும் கிடையாது. கீழ்நிலை அரசு ஊழியர் ஒருவரின் மகன் இப்படித்தான் இரண்டுக்கும் நடுவில் விழுகிறான்.

‘நாங்கள் தேவை அடிப்படையில் கட்டணச் சலுகை தருகிறோம்’ என்பது இந்நிறுவனங்கள் சொல்லும் பதில். அது பொய்யன்று. குடும்ப வருமானத்தை மட்டும் பார்த்து, முழுக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும்கூட ஏற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் நிதி உதவி அவ்வகையில் குறிப்பிடத்தக்கது. அமெரிக்காவில் கென்டக்கியின் பெரியா கல்லூரி 1892 முதல் கல்விக் கட்டணமே வாங்குவதில்லை. அடிமை முறை ஒழிப்பாளர் ஒருவர் 1855இல் நிறுவிய கல்லூரி அது. ஆக, தாராளக் கல்வியைப் பணம் வாங்காமல் தர முடியாது என்ற வாதம் நிற்காது. ஆனால் பண உதவி வேறு, பிரதிநிதித்துவம் வேறு. வறுமைக்குத் தரப்படும் சலுகை, சாதியால் மறுக்கப்பட்ட இடத்தைத் தானாக மீட்டுத் தருவதில்லை. மேலும், சலுகை என்பது கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. இந்த ஆண்டு தரலாம், அடுத்த ஆண்டு குறைக்கலாம், கேட்க இடமில்லை. உரிமை என்பது சட்டப் புத்தகத்தில் இருப்பது. மறுக்கப்பட்டால் நீதிமன்றப் படியேறலாம். எங்கள் அலுவலகத்துக்கு வந்த மாணவியின் கையில் இருந்தது சலுகைக் கடிதம். உரிமைச் சீட்டு அன்று.

சட்டம் எங்கே நிற்கிறது?

2005 ஆகஸ்டில் பி.ஏ. இனாம்தார் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, அரசு உதவி பெறாத தனியார் கல்வி நிறுவனங்கள் மீது அரசு தன் இடஒதுக்கீட்டைச் சுமத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. அதற்கு விடையாகவே நாடாளுமன்றம் அரசமைப்புச் சட்டத்தின் 93ஆம் திருத்தத்தை நிறைவேற்றியது. 2006 சனவரியில் நடைமுறைக்கு வந்த பிரிவு 15(5), பட்டியல் சாதியினர், பழங்குடியினர், சமூக வகையிலும் கல்வி வகையிலும் பின்தங்கிய வகுப்பினர் ஆகியோரின் முன்னேற்றத்துக்காக, உதவி பெறாத தனியார் நிறுவனங்கள் உட்பட, கல்விச் சேர்க்கையில் சட்டத்தின் வாயிலாகச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு அதிகாரம் தந்தது. சிறுபான்மையினர் நிறுவனங்களுக்கு மட்டும் விலக்கு.

அதே 2006இல் இயற்றப்பட்ட மத்தியக் கல்வி நிறுவனங்கள் இடஒதுக்கீட்டுச் சட்டம், ஒன்றிய அரசின் நிறுவனங்களோடு நின்றுகொண்டது. 2008இல் அசோக குமார் தாக்கூர் வழக்கில் அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. தனியார் நிறுவனங்கள் குறித்த கேள்வி அப்போது முடிவு செய்யப்படாமல் விடப்பட்டது. 2014 மே 6 அன்று பிரமாதி அறக்கட்டளை வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசமைப்பு அமர்வு அக்கேள்விக்கும் விடை தந்தது: உதவி பெறாத தனியார் நிறுவனங்களில் இடஒதுக்கீட்டுக்கு வழி செய்யும் பிரிவு 15(5), அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கவில்லை, அது செல்லும்.

அதாவது, 2014 மே மாதத்துக்குப் பின் சட்டத் தடை எதுவும் இல்லை. இருப்பது அரசியல் மனத்தடை மட்டுமே. ஒப்பிட்டுப் பாருங்கள்: பொருளாதாரத்தில் நலிந்த முன்னேறிய வகுப்பினருக்கு 10 விழுக்காடு தரும் 103ஆம் திருத்தம் 2019 சனவரியில் சில நாட்களுக்குள் இரு அவைகளையும் கடந்தது. நமக்கான பிரிவு 15(5), அரசமைப்பில் இடம்பெற்று இருபது ஆண்டுகள் ஆகியும், தனியார் நிறுவனங்களுக்கான ஒன்றியச் சட்டமாக உருப்பெறவில்லை. விரைவுக்கும் தாமதத்துக்கும்கூடச் சாதி உண்டு போலும்.

மாநிலங்களுக்கும் இந்த அதிகாரம் உண்டு. தமிழ்நாடு 2006ஆம் ஆண்டிலேயே தனியார் கல்வி நிறுவனங்களில் இடஒதுக்கீட்டுக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. ஆனால் பெருமை பேசி அமர்ந்துவிடும் நேரம் இதுவன்று. 2025 அக்டோபரில் சட்டமன்றத்தில் நிறைவேறிய தனியார் பல்கலைக்கழகங்கள் திருத்த மசோதா, இயங்கிக்கொண்டிருக்கும் கல்லூரிகள் தனியார் பல்கலைக்கழகங்களாக மாற வழி திறந்தது. உதவி பெறும் கல்லூரிகளும் இவ்வழியில் போனால் இடஒதுக்கீடும் குறைந்த கட்டணமும் என்னவாகும் என்று ஆசிரியர் அமைப்புகளும் மாணவர்களும் எதிர்ப்புத் தெரிவித்த பின்னரே, மசோதாவை மறு ஆய்வு செய்வதாக அரசு அறிவித்தது. நம் தாத்தாக்கள் நுழைந்த கலைக் கல்லூரியின் வாசல், ஒரு திருத்தத்தில் பத்து லட்சம் ரூபாய் வாசலாக மாறிவிடக்கூடும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

தனியார் சொத்து, தனியார் நிறுவனம், அரசு ஏன் தலையிட வேண்டும் என்ற வாதத்தையும் சந்திக்க வேண்டும். இந்தப் பல்கலைக்கழகங்கள் சட்டமன்றம் இயற்றும் சட்டத்தால் உயிர் பெறுகின்றன. பட்டம் வழங்கும் அதிகாரம் அரசு தந்தது. சோனிபத்தின் ராஜீவ் காந்தி கல்வி நகரம் அரசு கையகப்படுத்திய நிலத்தில் உருவானது. கல்விச் சேவைக்குச் சரக்கு மற்றும் சேவை வரி விலக்கு. நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை. பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதிக்கும் கல்வி ஏற்கப்பட்ட தலைப்பு. பொது வளத்தை உண்டு வளரும் நிறுவனம், பொதுப் பொறுப்பு என்று வரும்போது மட்டும் தனியாராகிவிட இயலாது.

இதில் அண்ணலின் சொல்லுக்கும் ஓர் இடமுண்டு. பிரிவு 15(2), கடைகளில் நுழைவதில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்கிறது. அரசமைப்பு அவையில் ‘கடை’ என்ற சொல்லின் எல்லை குறித்துக் கேள்வி எழுந்தபோது, அது சேவை வழங்கும் இடங்களையும் உள்ளடக்கிய விரிந்த பொருளில் பயன்படுத்தப்படுவதாக அம்பேத்கர் விளக்கினார். 2011இல் இந்திய மருத்துவச் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் அவ்விளக்கத்தைப் பின்பற்றி, தனியார் கல்வி நிறுவனங்களும் அப்பிரிவின் வரம்புக்குள் வரும் என்று கூறியது. கல்வியைச் சந்தையாக்கியவர்கள், சந்தைக்குரிய சமத்துவ விதியையாவது ஏற்றாக வேண்டும்.

வளாகத்துக்குள் வாழ்வு

சேர்க்கையோடு போராட்டம் முடிவதில்லை. முழுநேரம் தங்கிப் படிக்கும் வளாகத்தில் வகுப்பறையைவிட விடுதியும் உணவுக்கூடமும் மன்றங்களும்தான் ஒருவரின் நாளை நிரப்புகின்றன. எங்களிடம் பேசிய மாணவர்கள் சொல்வதில் ஒரு பொதுத்தன்மை உண்டு. வெளிப்படையான வசை அரிது. குடும்பப் பெயர் என்ன, அப்பா என்ன செய்கிறார், எந்தப் பள்ளி, விடுமுறைக்கு எந்த நாடு என்ற கேள்விகளில் சாதி மென்மையாக விசாரிக்கப்படுகிறது. ஆங்கில உச்சரிப்பு அளக்கப்படுகிறது. ஊதியமில்லா உள்ளகப் பயிற்சிக்கு மும்பையில் இரண்டு மாதம் தங்க வசதி உள்ளவருக்கே ‘வாய்ப்பு’ வாய்ப்பாகிறது. சாதி குறித்த விவாத வகுப்பில் அனைவரும் திரும்பிப் பார்ப்பது அந்த ஒற்றை மாணவரைத்தான். அவர் மாணவராக இருக்கும் உரிமையை இழந்து பாடப்பொருளாகிறார். ஆயிரத்தில் பத்துப் பேராக இருப்பதன் விலை இது.

இதனால்தான், 2024 மார்ச்சில் அசோகா பல்கலைக்கழக மாணவர்கள், சமூகநீதி மன்றத்தின் முன்னெடுப்பில், வளாகத்தில் சாதிவாரிக் கணக்கெடுப்பு நடத்தக் கோரிப் போராடினார்கள். நாடே பேசியது அவர்களுடைய கோரிக்கையைப் பற்றி அன்று, எழுப்பப்பட்ட முழக்கங்களைப் பற்றி. வெறுப்பு வெளிப்பாடுகளைக் கண்டித்துப் பல்கலைக்கழகம் அறிக்கை வெளியிட்டது. முழக்கத்தின் சொற்களைப் பற்றி நமக்குள்ளும் மாறுபட்ட கருத்துகள் இருக்கலாம். ஒரு சாதியில் பிறந்த தனிமனிதரை இழிவுபடுத்துவது நம் அரசியல் அன்று. ஆனால் எண்ணிக்கையைக் கேட்ட மாணவருக்கு எண்ணிக்கை விடையாகக் கிடைக்கவில்லை, ஒழுக்கப் பாடம் கிடைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். கேள்வி கேட்கக் கற்பிப்பதாகச் சொல்லும் இடத்தில், தன்னைப் பற்றிய கேள்வியே கடினமான கேள்வி ஆகிவிடுகிறது.

கடல் கடந்த காட்சி ஒன்று இதை இன்னும் கூர்மையாக்குகிறது. அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019 திசம்பரில் தன் பாகுபாட்டுத் தடைக் கொள்கையில் சாதியைச் சேர்த்தது. மெய்ன் மாநிலத்தின் கோல்பி கல்லூரி, ஒரு சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி, 2021இல் அதையே செய்தது. 2022 சனவரியில் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பும், அதே ஆண்டு இறுதியில் பிரவுன் பல்கலைக்கழகமும் சேர்ந்துகொண்டன. புலம்பெயர்ந்த தலித் மாணவர்களின் உழைப்பால் கிடைத்த வெற்றிகள் இவை. அந்தக் கல்லூரிகளை முன்மாதிரி என்று சொல்லிப் பாடத்திட்டத்தை இறக்குமதி செய்தவர்கள், இந்த வரியையும் இறக்குமதி செய்யலாமே.

இந்தியச் சட்டத்தில் கருவிகள் ஏற்கெனவே உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டுச் சமத்துவ விதிமுறைகள், சமவாய்ப்பு மையத்தையும் பாகுபாட்டுத் தடுப்பு அலுவலரையும் உயர்கல்வி நிறுவனங்கள் அமைக்க வேண்டும் என்கின்றன. இவை ஏட்டளவில் நின்றதால்தான் ரோகித் வெமுலா, பாயல் தத்வி இருவரின் தாய்மாரும் 2019இல் உச்ச நீதிமன்றத்தை நாட வேண்டி வந்தது. பட்டியல் சாதியினர் மற்றும் பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989, தனியார் வளாகத்தின் வாயிலில் நின்றுவிடுவதில்லை. பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதும் சாதிப் பெயர் சொல்லி வசைபாடுவதும் அதன் பிரிவு 3(1)இன் (ஆர்), (எஸ்) உட்பிரிவுகளின்கீழ்க் குற்றங்கள். பலர் கூடியிருக்கும் வகுப்பறையும் உணவுக்கூடமும் நான்கு சுவருக்குள் இருப்பதாலேயே பொதுப்பார்வைக்கு அப்பாற்பட்டவை ஆகிவிடா.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, கணக்கைக் கைப்பற்றுவது. எல்லாப் பல்கலைக்கழகங்களும் அகில இந்திய உயர்கல்வி ஆய்வுக்கு மாணவர், ஆசிரியர் விவரங்களைச் சமூகப் பிரிவு வாரியாகக் கேட்டுப் பெற்று அளிக்க வேண்டும். தேசியத் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் நிறுவனங்கள் தம் தரவுகளை இணையத்தில் வெளியிடுகின்றன. ஆனால் தரவரிசைப் படிவத்தில் பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்டோர் மூவரும் ஒரே எண்ணாகக் கூட்டப்பட்டுள்ளனர். அந்தக் கூட்டுத்தொகைக்குள் தலித் மாணவரின் இன்மை மறைந்துகொள்கிறது. ஒவ்வொரு பிரிவையும் தனித்தனியே வெளியிடக் கோர வேண்டும். மாணவர்களின் எண்ணிக்கையோடு ஆசிரியர்களின் எண்ணிக்கையையும் கேட்க வேண்டும்.

இரண்டாவது, தகவல் அறியும் உரிமை. மாநிலச் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால் நிறுவப்பட்ட அமைப்பு ‘பொது அதிகார அமைப்பு’ என்கிறது 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 2(எச்). தனியார் பல்கலைக்கழகங்களுக்கும் இது பொருந்தும் என்று நாம் வாதிட இடமுண்டு. அவர்கள் மறுத்தால், அதே விவரத்தை அவர்களிடமிருந்து பெற்று வைத்திருக்கும் மாநில உயர்கல்வித் துறையிடமும் மானியக் குழுவிடமும் விண்ணப்பிக்கலாம்.

மூன்றாவது, சட்டம். நிலைக்குழுவின் பரிந்துரை அலமாரியில் தூங்காமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. பிரிவு 15(5)இன்கீழ் ஒன்றியச் சட்டம் வேண்டும். அதில் சேர்க்கையோடு முழுக் கட்டணத்துக்கும் விடுதிக்கும் உணவுக்கும் வழி சொல்லப்பட வேண்டும். கட்டணத்துக்கு வழி சொல்லாத இடஒதுக்கீடு, பூட்டிய வீட்டின் முகவரியை மட்டும் தருவது போன்றது. உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரிடம் இந்த ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: பிரிவு 15(5)க்கான சட்டத்தை உங்கள் கட்சி ஆதரிக்கிறதா, இல்லையா?

நான்காவது, வளாகத்தில் உள்ள நம் தோழர்களுக்கு. தனியே தாங்கிக்கொள்ளாதீர்கள். நடந்ததை நாள், இடம், சாட்சி என்று அன்றே எழுதி வையுங்கள். பாகுபாட்டுத் தடுப்பு அலுவலர் யார் என்று எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். அப்படி ஒருவர் இல்லை என்ற பதிலும் ஒரு சான்றுதான். வழக்கறிஞர்களாகிய நாங்கள் பக்கத்தில் நிற்போம்.

அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாவில் பெற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியையும், 1950இல் ஔரங்காபாத்தில் மிலிந்த் கல்லூரியையும் தொடங்கினார். கலையும் அறிவியலும் சட்டமும் நம் மக்களுக்கு முழுமையாக வேண்டும் என்பது அவருடைய முடிவு; தொழிற்பயிற்சி மட்டும் போதும் என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. சிந்திக்கும் கல்வி சிலருக்கு, பிழைக்கும் கல்வி பலருக்கு என்ற பங்கீட்டை நாம் ஏன் ஏற்க வேண்டும்?

எங்களிடம் வந்த அந்த மாணவி இன்று தம் மாவட்டத்து அரசு கலைக் கல்லூரியில் பொருளாதாரம் படிக்கிறார். நன்றாகவே படிக்கிறார். சட்டம் படிக்கப்போவதாகச் சொல்கிறார். அவருக்கு நாங்கள் அன்று சொல்ல முடியாமல் போன விடையை, அடுத்து வரும் மாணவிக்காவது சொல்ல முடிய வேண்டும்.